கீறல் விழுந்த இடம்

கிர்க்மோரன் அத்லெட்டிக்.
நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், பரவாயில்லை.
ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில்
கடைசிப் பிரிவில் கடைசிக்கு முந்தைய இடம்.
ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் ஜெயிப்போம்.
ஐம்பத்தோரு வருடமாக நான் வடக்குக் கொட்டகை.
நாற்காலி போட்ட நாள்முதல்
எஃப் வரிசை, பதினொன்று.

பன்னிரண்டில் டூகல்.

எங்கள் கல்யாணம் எண்பத்தெட்டில் முறிந்தது.
வீடு எனக்கு, கார் அவனுக்கு,
நாய் யாருக்கென்று மட்டும் நாலு மாத வழக்கு.
சீசன் டிக்கெட் பற்றி வக்கீல் கேட்டபோது
இருவரும் ஒரே மூச்சில்
"அது இருக்கட்டும்" என்றோம்.
அவனுடைய இரண்டாம் மனைவிக்குக் கால்பந்து ஆகாது.
எனக்கு அவளைப் பிடிக்கும்.
வருடம் ஒரு ஜோடி கையுறை பின்னி அனுப்புவாள்,
எப்போதும் தவறான நிறத்தில்.

மீன் ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால்
கறி பஃப்கூட கானாங்கெளுத்தியாக ருசிக்கும் மைதானம்.
அங்கே இடைவேளைதோறும்
லாக்லன் ஒரு இசைத்தட்டு போடுவான்.
அதே இசைத்தட்டு.
டெட்ராய்ட்டில் யாரோ ஒருத்தி,
ஒன்றே ஒன்று பாடிவிட்டுக் காணாமல் போனவள்.
டாம்பரின் முதலில் ஓட,
ட்ரம்பெட் பஸ்ஸைத் தவறவிட்டவன்போல் பின்னால் ஓடிவரும்.
பிஸ்கட் ஆலைக் கழிப்பறையின் வழுக்குத் தரையில்
டால்கம் பவுடர் தூவி
அந்தத் தாளத்துக்குச் சுழலப் பழகினேன், பதினாறு வயதில்.
இப்போது முழங்கால் கேட்காது.
காது கேட்கும்.

எழுபத்தொன்பது, கோப்பையின் நாலாம் சுற்று.
இரண்டாம் பாதி தொடங்கி நாற்பது வினாடி.
தட்டை நிறுத்த மறந்துவிட்டான் லாக்லன்.
பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே
இடது ஓரத்திலிருந்து மர்டோ, வாரநாட்களில் பிளம்பர்,
கண்ணை மூடிக்கொண்டு ஒரு உதை.
லாக்லன் துள்ளினான். அவன் முழங்கை முள்ளில் பட்டது.
ஒலிபெருக்கியில் ஒரு பெரிய கிழிசல்.
பக்கத்தில் நின்ற எவனோ என்னைத் தூக்கிச் சுற்றினான்.
அவனைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன்.

அந்த கோலை யாரும் படம் பிடிக்கவில்லை.
பேப்பரில் இரண்டு வரி, அதிலும் மர்டோ பெயர் தப்பு.
அந்தக் கீறல்தான் ஒரே பதிவு.

அன்றுமுதல் அவள் "திரும்பி" என்று தொடங்குவாள்,
முள் பின்னுக்குக் குதிக்கும்.
திரும்பி.
திரும்பி.
திரும்பி.
அப்புறம் ஒரே தாவில் ட்ரம்பெட்டுக்குப் போய்விடும்.
முந்நூறு பேரும் மூன்று தரம் பாடுவோம்,
கால்களால் தகரத்தை உதைத்து.
விட்டுப்போன சொல் "வருவேன்" என்று
எல்லோரும் ஆளுக்கு ஆள் வைத்துக்கொண்டோம்.
தோற்கிற ஊருக்கு வேறென்ன சொல் பொருந்தும்?

போன சனிக்கிழமை லாக்லன் இல்லை, இடுப்பு அறுவை.
அவன் இடத்தில் ஒரு பையன், கையில் போன்.
எங்கிருந்தோ அந்தப் பாட்டைத் தேடி எடுத்திருக்கிறான், பாவம்,
கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி.
முதன்முறையாக அவள் முழுசாகப் பாடினாள்:
திரும்பி வரமாட்டேன்.

கொட்டகையில் யாரோ இருமினார்கள்.
டூகல் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.
"சோகப் பாட்டா இது?" என்றான்.
"எனக்கும் தெரியாது" என்றேன்.

ஆனால் எங்கள் வாய் நிற்கவில்லை.
பாட்டு அதன் வழியே போக
நாங்கள் கீறலிலேயே நின்று
திரும்பி, திரும்பி, திரும்பி என்று
மூன்றையும் பாடி முடித்தபோது
ஒலிபெருக்கி எப்போதோ அடங்கியிருந்தது.
நடுவர் விசிலை வாயருகே வைத்தபடி
எங்களுக்காகக் காத்திருந்தார்.

எதிரணிக்கு கார்னர். பிறகு கோல். மூன்று பூஜ்யம்.

வாசலில் டூகல் கேட்டான்:
"அடுத்த வாரம்?"
"வெளியூர் ஆட்டம்."
"தெரியும்" என்றான்.