மூன்று பிகோஃபாரட்

செத்துப்போன விசிறி மோட்டாரின் வயிற்றைக் கிழித்து
எடுத்த செம்புக் கம்பி.
பிவிசி குழாயில் இருபத்தொரு சுற்று.
பதினெட்டில் கணக்கு விட்டுப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து.

பஹாவ் ஆலையில் எடைமேடை எழுத்தர் நான்.
பகலெல்லாம் செம்பனைக் குலைகளோடு லோரிகள் ஏறும், இறங்கும்;
நிறை வண்டி, வெறும் வண்டி, கழித்தால் மீதி.
இரவில்
எடையே இல்லாத ஒன்றைச் செய்யப் பார்க்கிறேன்.

அலையியற்றி.
புத்தகத்தில் அரைப் பக்கம்தான்:
வெளியே போவதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பு,
அது புறப்பட்ட தாளத்திலேயே வந்து சேரும்படி.
குறைந்தால் அடங்கும், மிஞ்சினால் கரகரக்கும்.
தொடங்கிவைக்க யாரும் வேண்டாமாம்,
முதல் தள்ளல் வெப்பத்தின் இரைச்சலிலிருந்தே வந்துவிடுமாம்.
துத்தநாகக் கூரைக்கடியில்
வெப்பத்துக்கா பஞ்சம்?

தொடங்கவில்லை.
பேட்டரி புதிது. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களும்
அதனதன் இடத்தில்.
பசார் மாலாமில் பழைய ரேடியோ விற்கும் லிம் பூன் சியூ
பலகையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.
"ஈயம் சரியாப் பிடிக்கல" என்றான்.
ஆறு ரிங்கிட்டுக்கு ஒரு பொட்டலம் மைக்கா மின்தேக்கி.
அதில் பாதி செத்தவை.
எல்லா இணைப்பையும் மறுபடி சுட்டேன்.
அப்படியும் மௌனம்.

வியாழன் இரவு பதினொன்றே கால்.
வேதநாதன் கொதிகலன் ஷிப்டில்.
சுருளின்மேல் உட்கார்ந்திருந்த ஈசலைத் தட்டிவிட
விரலை நீட்டினேன்.

ரிசீவரில் ஒரு கூ.

ஈசல் பறந்தது. விரலை எடுத்தேன்: இல்லை.
நீட்டினேன்: உண்டு.
எடுத்தேன். நீட்டினேன்.
பைத்தியக்காரிபோல்
எத்தனை தடவை என்று சொல்லமாட்டேன்.

அதற்காக விடியும்வரை கையை நீட்டிக்கொண்டா இருப்பது?
விரல் நின்ற இடத்தில்
ஒவ்வொரு மின்தேக்கியாக வைத்துப் பார்த்தேன்.
பத்து, அலை சரிந்து எங்கோ பள்ளத்தில் போய் விழுந்தது.
ஐந்து, அப்போதும் சரிவு.
மூன்று.
லோரியின் சத்தத்தை வைத்தே டன் சொல்லிவிடும் எனக்கு
என் விரலின் அளவு
அன்றைக்குத்தான் தெரிந்தது.
பற்றவைத்தேன். புகை கண்ணில்.
கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.
கூ.

பிறகு ஒரு மைலோ டப்பா வீடாயிற்று அதற்கு.
மூடியைப் போட்டதும் ஒரே தாவல் மேலே.
டப்பாவும் கணக்கில் சேருமென்று யார் கண்டது!
ஆணியால் துளையிட்டு, திருகைத் தொட்டுத் தொட்டு
ஏழு மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கொண்டுவந்தேன்.
ஆன்டெனாவுக்கும் அதற்கும் நடுவில் இன்னொரு டிரான்சிஸ்டர்,
வெளியே இழுப்பவர்கள் இழுத்துக்கொள்ளட்டும்,
உள்ளே ஆடுவதற்கு அது தெரியவேண்டாம்.
கம்பி, ஜம்பு மரத்திலிருந்து குளியலறைச் சன்னல்வரை.
உரிமம் இருக்கிறது, சிரம்பானில் பரீட்சை எழுதி வாங்கியது.
மேசைக் கண்ணாடிக்கடியில்
மின்கட்டண பில்லோடு கிடக்கிறது.

சனிக்கிழமை.
அரை வாட். ஒரு டார்ச் பல்புக்குக்கூடக் காணாது.
தட்டினேன், காத்திருந்தேன், தட்டினேன்.
நாற்பது நிமிடம் கழித்து
தாவாவிலிருந்து ஜைனூரின் என்று ஒருவர்.
கடலுக்கு அந்தப் பக்கம்.
கேட்கிறது என்றார். சுத்தமான தொனி என்றார்.
ஆனால் மேலே போகிறது, என்றார்,
துரத்திப் பிடிக்கிறேன்,
மறுபடி மேலே போகிறது.
கொஞ்சம் இடைவெளி.
பிறகு, நான்கு புள்ளிகளில் தொடங்கி, ஐந்தே எழுத்து:
ஹூஜான்?

நான் சொல்லவில்லை.
பத்து நிமிடமாகக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.
துத்தநாகம் குளிர, டப்பா குளிர,
சுருள் ஒரு மயிரிழை சுருங்க,
அது அவர் காதுவரை போயிருக்கிறது.

ஆமாம், என்று தட்டினேன்.

மீன்கடையில் நுரைப்பெட்டி கேட்டால் சும்மாவே தருவார்கள்.
டப்பாவை அதற்குள் வைத்தால் அலை நகராது,
மழையும் தெரியாது.
கேட்கவேண்டும்.
இந்த வாரம் வேண்டாம்.