கச்சான் மாதத்துக் காது

சந்தமாலி தந்துவிட்டுப் போனவை:
நெருங்கிய பல்லுள்ள ஒரு சீப்பு,
அகன்ற பல்லுள்ள ஒரு சீப்பு,
பாதிப் போத்தல் காது மருந்து,
கித்துள்பாணி நிறத்தில் ஒரு கொக்கர் ஸ்பானியல்.
பெயரும் கித்துள்தான்.

புருசனுக்குக் கொழும்பில் கிடைத்தது ஏழாம் மாடி.
அங்கே நாய் கூடாதாம்.
"ஒரு மாதம்தான் அக்கா."
ஓர்ஸ் ஹில்லில் எங்கள் இரு வீட்டுக்கும் ஒரே மதில்.
நான் நாய் வளர்க்கிற ஆளில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அது என் செருப்பைக் கவ்விக்கொண்டு
என் வீட்டுக்குள் போய்விட்டது.

குட்டியிலேயே வெட்டிய வால்.
மிஞ்சியது பெருவிரல் அளவு.
அதை ஆட்ட
இடுப்பு முழுவதும் தேவைப்படுகிறது.

காது வேறு கதை.
தண்ணீர் குடித்தால் காதும் குடிக்கும்,
சோறு தின்றால் காதும் தின்னும்.
பழைய சொக்ஸின் நுனியை வெட்டி
சாப்பாட்டு நேரத்தில் தலையில் மாட்டிவிடுகிறேன்.
மழைக்கு முக்காடிட்டுச் சந்தைக்கு ஓடும்
மனுசியின் முகம் வந்துவிடும்.

கச்சான் வீசத் தொடங்கிய கிழமை
டச்பேயில் குளித்து வந்த மூன்றாம் நாள்
தலையைச் சாய்த்தபடியே நடந்தது.
மடலைத் தூக்கினேன்,
புளித்துப் பொங்கின தோசைமா மணம்.
பஞ்சில் ஒற்றி, கண்ணாடித் தகட்டில் தடவி,
ஆஸ்பத்திரி லாபில்
எல்லோரும் தேத்தண்ணிக்குப் போன நேரம்
நோயாளியின் பெயர் எழுதாமல்
நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன்.
பதினெட்டு வருசம் மலேரியா தேடின கண் இது.
ஊதா நிறத்தில், குட்டிக் குட்டியாய்,
யாரோ கொட்டிவிட்டுப் போன கச்சான் கோதுகள்.
ஜன்னலுக்கு வெளியே கச்சான் இரைந்தது.
தனியே சிரித்தேன்.

மிருக வைத்தியர் ருஷ்தி சொன்னார்:
"குச்சி விட வேண்டாம்.
மருந்தை விட்டு அடிக்காதைப் பிசையுங்கோ,
சளக் சளக்கென்று கேட்க வேணும்.
பிறகு தலையை உதறும், தள்ளி நில்லுங்கோ."
தள்ளி நிற்க எனக்கு இன்னும் வரவில்லை.
என் சட்டைகள் எல்லாவற்றிலும் அந்த மருந்து.

தார் சுடுமுன், ஐந்தரைக்கு, கோட்டைப் பக்கம்.
மூக்கைப் புல்லில் புதைத்து
இடம் வலம் இடம் வலம் என்று கோலமிட்டு ஓடும்,
இல்லாத பறவையை எழுப்ப.
மான்கள் பார்க்கும். அசைபோடும்.
அவற்றுக்கு இது பொருட்டே இல்லை.

திரும்பினால் கால் நிறைய நாயுருவி,
விரலிடுக்கில் உண்ணி,
கமுக்கட்டில் சிக்கு.
முடிநுனியில் தொடங்கி வேருக்குப் போக வேணும்.
மாறிச் சீவினால் கத்தாது;
திரும்பி என்னைப் பார்க்கும்,
அது மோசம்.

ஒருநாள் கரைவலையிலிருந்து ஒரு சூடைமீனை
என் காலடியில் கொண்டுவந்து வைத்தது.
மீன் இன்னும் துள்ளியது,
ஒரு பல் அடையாளம் இல்லை.
திருப்பிக் கொடுக்கப் போனால்
சவரிமுத்து அதன் வாயைத் திறந்து பார்க்கிறார்:
"வாயா இது, பஞ்சுப்பெட்டியா?"

இன்னொன்று.
போனில் யாரிடமாவது "என்ன?" என்றால்
எந்த மூலையிலிருந்தும் வந்து நிற்கும்.
"என்ன விலை?" வரும். "என்னவாம்?" வரும்.
சந்தமாலியிடம் சொன்னேன்,
விழுந்து விழுந்து சிரித்தாள்.
"எங்கட பாசையில் அது 'வாங்கோ', அக்கா.
அவர் கூப்பிட்டால் மட்டும் 'வரென்'.
அதுவும் வா தான்."
ஒரு மாதக் கதையை அவளும் எடுக்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது.
எட்டு மாதமாய் ஒவ்வொரு காலையும்
படலையில் நின்று "வாறன்" என்கிறேன்.
அது ஓடி வருகிறது.
முகத்துக்கு நேரே படலையைச் சாத்துகிறேன்.

"போறன்" என்று சொல்லலாம்தான்.
அந்தச் சொல்லை எங்கள் வீட்டில்
யாரும் வாசலில் வைத்துச் சொல்வதில்லை.

இப்போது பத்து நிமிடம் முந்தியே
கதிரையில் இருந்தபடி "வாறன்" என்கிறேன்.
வருகிறது.
காதைத் தூக்கி மணந்து பார்க்கிறேன்,
இன்றைக்குப் புளிப்பில்லை.
பிறகு
ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போகிறேன்.