ஒன்பதாவது தட்டு

வைக்கோல் பொதிந்த பெட்டியில் வந்தது ஒரு கரு.
நான்கு வாரம்.
இருநூறு கண்ணாடிச் சில்லுகளில்,
சில்லுக்கொரு செங்கறை,
கடுகைவிடச் சிறியது.

ஃபிரைபர்க்கில் அப்போது உறைபனி.
ஜன்னலில் மூச்சை ஊதினால்தான்
தெரு தெரியும்.
உன் வேலை எளிது வால்புர்கா, என்பார் முதலாளி ஓட்மார்:
சில்லை விளக்கின்முன் வை,
கறையை ஐம்பது மடங்காய்த் தாளில் விழச்செய்,
விளிம்பை வரை,
மில்லிமீட்டர் கனத்து மெழுகுத் தட்டில் வெட்டு,
அடுக்கு.
வெட்டு, அடுக்கு.
ஞாயிறு தவிர.

அடுக்க அடுக்க எழுந்தது
முதுகில் ஒரு பள்ளம்.
பள்ளத்தின் கரைகள் இரண்டும் நிமிர்ந்து
ஒன்றையொன்று தேடிச் சாய்ந்து
கழுத்தருகே முதலில் தொட்டு
அங்கிருந்து மேலும் கீழுமாய்
மூடிக்கொண்டே போகும் குழாய்.
இதுவா மூளை என்றேன்.
ஆகப்போவது, என்றார் பேராசிரியர்.
முன், நடு, பின் என்று
மூன்று வீக்கங்களைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார்.
எனக்கோ அது
கண்ணாடி ஊதுபவன் சாப்பிடப் போகையில்
பாதியில் வைத்துவிட்டுப் போனது.

நினைவு இதில் எங்கே குடியேறும் என்று நான் கேட்கவில்லை.
குடியிருப்பவளுக்கு
வாடகைதான் கேள்வி.

அட்டையில் தாய்க்குப் பெயரில்லை.
சலவைக்காரி, பத்தொன்பது வயது,
ஆற்றில் கிடைத்தவள்.

ஒன்பதாம் சில்லு நொறுங்கியிருந்தது,
ரயிலிலோ, தபால்காரன் கையிலோ.
எட்டில், நெற்றிப்பக்கம்
உதடுகள் திறந்திருந்தன.
பத்தில் மூடியிருந்தன.
இடையில் ஒரு மில்லிமீட்டர்
என் பொறுப்பு.

மூன்று முறை வெட்டினேன்.
முதலாவது நேர்கோடு, சட்டைத் தையல்போல.
இரண்டாவது அழகாக இருந்தது,
அதனாலேயே உருக்கிவிட்டேன்.
விடியும் நேரம் தெருவைப் பார்க்க ஜன்னலில் ஊதினேன்;
ஊதி முடித்த என் வாய்
கண்ணாடியில் மெல்லக் கூடுவதைக் கண்டேன்.
இடது ஓரம் கொஞ்சம் முந்தியது.
அதை அப்படியே வெட்டினேன்,
மூச்சு நுழையுமளவு சந்து விட்டு.

பேராசிரியர் உருப்பெருக்கியோடு குனிந்தார்.
ஆகா, என்றார்,
அடைபடுவதற்கு ஒரு கணம் முந்திய வாசல்,
என்ன துல்லியம்!
நான் விளக்குத் திரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அச்சு வார்த்தார்கள். வண்ணம் பூசினார்கள்.
உப்சாலாவுக்குப் போனது, எடின்பரோவுக்கு, ஒசாகாவுக்கு.
எங்கோ ஒரு மாணவன்
நாக்கைக் கடித்தபடி வரைந்து மனப்பாடம் செய்கிறான்;
அவன் மண்டைக்குள், அத்தனை மடிப்புகளுக்கிடையே,
என் வாய்.

ஏழாண்டு கழித்துக் கடிதம் வந்தது.
வேறொரு கரு, உடையாத சில்லுகள்:
சந்து அவ்வளவு இல்லை,
முந்துவது வலது ஓரம்,
ஒன்பதாம் தட்டை மாற்றவும்.

மாற்றினேன்.
அச்செடுத்த பழைய மெழுகைச் சூடான கத்தியால் பிரித்து
மேசை இழுப்பறையில் போட்டேன்,
ஊசிகள், நூல்கண்டு, மகளின் பால்பல் கிடக்கும் இடத்தில்.

ஆகஸ்டில் திறந்து பார்த்தபோது
வெக்கையில் இளகி
தானாகவே மூடிக்கொண்டிருந்தது.