ஸ்லோ லோக்கல்

தாதர் முதல் கல்யாண் வரை
எந்த ஸ்டேஷனில், எத்தனையாவது பிளாட்ஃபாரத்தில்,
எந்தப் படிக்கட்டின் அடியில் கழிப்பறை,
எதில் தாழ்ப்பாள் இல்லை,
எதற்குச் சில்லறை வேண்டும் என்று
என்னைக் கேளுங்கள்.
பதினோரு வருஷமாக டிக்கெட் பரிசோதகர்.
ஆறு வருஷமாக வயிறு.

லீவு விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதுவேன். வயிறு.
குல்கர்னி சார் படித்துவிட்டு
காரத்தைக் குறைக்கச் சொல்வார்.
முலுண்டில் ஒருவர் அல்சர் என்றார்.
பாண்டுப்பில் ஒருவர் டிபி என்று
ஒன்பது மாதம் மாத்திரை கொடுத்தார்.
சிறுநீர் ஆரஞ்சு நிறமானது,
வேறொன்றும் மாறவில்லை.

பிறகுதான் ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள்,
நிரப்பித் தரச் சொல்லி.
இரண்டு நாளில் அது எண்ணாகித் திரும்பி வந்தது:
கால்புரோடெக்டின், ஆயிரத்து நூற்று நாற்பது.
ஐம்பதுக்குள் இருக்க வேண்டுமாம்.
யாரும் நம்பாத வலிக்கு
ஓர் எண் கிடைத்துவிட்டதே என்று
லேப் வாசலில் நின்று அழுதேன்.
சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

இன்று காலை ஏழே கால். சயான். நாலாவது மாடி.
டெக்னீஷியன் துஷார் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டினார்.
தோளில் பை, பைக்குள் பெட்டி,
பெட்டியில் நீல விளக்கு.
உள்ளங்கையில் ஒன்றை வைத்தார்.
மாத்திரைதான், கொஞ்சம் பெரிசு,
ஆனால் கண் சிமிட்டியது.
போன வாரமே வெறும் சர்க்கரையில் செய்த ஒன்று
பைலட் இன்ஜின் மாதிரி முன்னால் போய்
பாதையில் அடைப்பில்லை என்று சொல்லியிருந்தது.

முழுங்கினேன்.
வாயை மூடிய பிறகும்
அது எரிந்துகொண்டே இறங்கியது.

எட்டு மணி நேரம்.
நடக்கலாம், உட்காரலாம்,
எம்ஆர்ஐ அறைப் பக்கம் போகக் கூடாது,
பத்து மணிக்கு இளநீர் குடிக்கலாம்.
வீட்டுக்குப் போக மனசில்லை.
சீருடை இல்லாமல் தாணே ஸ்லோவில் ஏறினேன்.
இரவு டூட்டி முடிந்த நர்சுகள் தூங்கினார்கள்.
ஒருத்தி மடியில் பட்டாணி உரித்தாள்.

குர்லா. வித்யாவிஹார். காட்கோபர்.
எனக்குள்ளும் ஒருவர்
வளைவு வளைவாகப் போய்க்கொண்டிருக்கிறார்.
அபராதம் போடுவதில்லை. அழுகையைக் கேட்பதில்லை.
பார்க்கிறார், படம் எடுக்கிறார், நகர்கிறார்.
இந்த வேலை எனக்குத் தெரியும்.
டிக்கெட் என்றதும் எவள் ஜன்னல் பக்கம் திரும்புகிறாளோ
அவளிடம் இருக்காது.
எல்லா ஸ்கேனிலும் திரும்பிக்கொண்டே வந்தது
என் சிறுகுடலில் ஏதோ ஓரிடம்.

விக்ரோலியில் ஒரு பெண்
என் குர்த்தாவுக்கு அடியிலிருந்து வரும் வயரைப் பார்த்தாள்.
பிறகு நீல விளக்கை.
பிறகு என் முகத்தை.
காஞ்சூர்மார்க் வருவதற்குள்
என்னைச் சுற்றி நாலு சீட் காலி.
இந்த ஊரில் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பாண்டுப்பில் ஏறினார் ஆர்பிஎஃப் கான்ஸ்டபிள்.
என் அடையாள அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தார்,
தங்க... புஷ்பம்.
ஸ்டாஃபா? அப்புறம் இது என்ன?

வயிறு என்று சொல்ல வாய் வந்தது.
பெட்டியே கேட்டுக்கொண்டிருந்தது.
குடல் வீங்கிப் புண்ணாகும் வியாதி, என்றேன்.
கிரோன்ஸ்.
ரத்தம் போகும். ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை போகும்.
எங்கே புண் என்று பார்க்க
கேமராவை முழுங்கியிருக்கிறேன்,
அது இப்போது உள்ளே இருக்கிறது.

மராத்தியில் இத்தனை நீளமாக
நான் பேசியதே இல்லை.

அவர் அட்டையை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.
ஒரு நர்ஸ் கண்ணைத் திறக்காமலே,
கேப்சூல் எண்டோஸ்கோப்பி, பயப்பட ஒன்றுமில்லை,
என்று மொத்தப் பெட்டிக்கும் அறிவித்துவிட்டுத் தூங்கினாள்.

நாஹூர் தாண்டியதும்
பட்டாணிக்காரி நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
முறத்தை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள்.
நெற்றியில் வேர்வை,
மின்விசிறிக்கு நேர் கீழே.
காதருகில் குனிந்து கேட்டாள்:
தாணேயில் எந்தப் பக்கம்?

இரண்டாவது பிளாட்ஃபாரம், என்றேன்,
கல்யாண் முனை, பாலத்துக்குக் கீழே.
தாழ்ப்பாள் இருக்காது.
வா, வெளியே நான் நிற்கிறேன்.