வெறும் வயிற்றில்

காலை ஆறரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்
கறிக்கடை தாவூத் ராவுத்தர்.
இரண்டாம் பீட்டில் எங்கள் லேப்
ஏழு மணிக்குத்தான் திறக்கும்.
"வெறும் வயித்துல வரச் சொன்னாங்க" என்றார்
தப்புச் செய்த பிள்ளை மாதிரி.

ரப்பர் பட்டையைக் கட்டினேன்.
ஐம்பது வருஷம் கத்தி பிடித்த கை.
முகம் மட்டும்
ஊசியைப் பார்க்க மாட்டேன் என்று
காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டது.

இரத்தத்தைச் சுழற்றி எடுத்தால்
சிலருக்கு மேலே வெள்ளையாக ஆடை படரும்,
மார்கழிக் காலையில்
எங்கள் குழம்புச் சட்டியில் படர்ந்ததுபோல.

கறி இல்லாத குழம்பு அது.
ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆளும் போனபின்
அம்மா போய் நிற்பாள். கேட்க மாட்டாள்.
தாமரை இலையில் மடித்து அவர் நீட்டுவார்
ஆட்டுக் கொழுப்பு,
தராசில் ஏறாதது.

இருப்புச் சட்டி. அடியில் ஒரு கை தண்ணீர்.
சட்டி ஏறியதும் எங்களைக் கடைக்கு விரட்டுவாள்,
எட்டணாவுக்கு வெந்தயம்.
போன வார வெந்தயமே பிரிக்காமல் கிடக்கும்.
திரும்பி வருவதற்குள்
முணுமுணுப்பு அடங்கிச் சடசடப்பு,
சடசடப்பும் அடங்கி
சட்டி நிறையத் தெளிந்த மஞ்சள்.
அதில் சோம்பு, கல்பாசி,
உரிக்காமல் நசுக்கிய பூண்டு.
கத்தரிக்காய் அதில் விழுந்தால்
தன்னை ஆடென்றே நினைத்துக்கொள்ளும்.

ஆறு நாளும் சாத்தியே கிடக்கிற
தெருப்பக்கத்து ஜன்னலை
அன்றைக்கு மட்டும் திறந்துவைப்பாள்.
"என்ன அடைக்கி, கறியா?"
"ஆமக்கா, அரைக் கிலோதான்."

ஆறினால் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும்.
பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டுதான்
சாப்பிடுவோம் நானும் செல்லக்கண்ணுவும்.
அப்பா பேசாமல் நாக்கால் சுரண்டுவார்.
பொரிந்த தக்கைக்கு மட்டும் சண்டை,
ஆளுக்கு இத்தனை என்று எண்ணி வைத்தாலும்.

குழாயடியில் ஒருநாள்
"சாத்தையா பொண்டாட்டிக்குக் கொழுப்பப் பாரு"
என்றாள் எதிர்வீட்டு முத்தாள்.
அம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள்.
பதில் சொல்லப் போனாள், முடியவில்லை,
மறுபடியும் சிரித்தாள்.
முத்தாளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
ராவுத்தர் என்னையே பார்த்தார்.
"அடைக்கி மகதானே நீ? அதே சாடை.
வெறும் கொழுப்ப எப்படிக் குடுக்குறதுன்னு
நடுவுல ரெண்டு துண்டு ஈரல் வச்சுத்தான் மடிப்பேன்.
ஒரு வாரம் தவறுனதில்ல.
ஞாபகம் இருக்கா?"

எங்கள் தட்டில்
ஒரு வாரமும் ஈரல் விழுந்ததில்லை.
"இருக்குங்க" என்றேன். "நல்லா இருக்கும்."
குப்பியில் பெயர் எழுதுகையில்
தாவூதுக்குக் கால் விட்டுப்போனது.

மத்தியானம் போன் போட்டேன்.
தேவகோட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறாள்,
கடலை எண்ணெயையும் ஸ்பூனில் அளந்து ஊற்றும் வீடு.
ராவுத்தர் வந்திருந்தார் என்றேன்.
ஈரல் என்றேன்.
அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

"நின்னுக்கிட்டேதான் தின்னேன்" என்றாள்.
"உப்புகூடப் போடல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சூடா இருந்துச்சுடி."

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு,
"ரிசல்ட்டு வந்துருச்சா?
அவருக்குக் கொழுப்பு எவ்வளவாம்?"