கிளினிக் கொப்பி

மல்லாவி ஆஸ்பத்திரியில் என் எண் நாற்பத்தேழு.
ஐயன்கன்குளத்து முதல் பஸ் பிந்தினால் எழுபது;
மருந்து கைக்கு வர இரண்டு மணி,
மில்லில் அரைநாள் சம்பளம் போய்விடும்.

பழுப்பு மட்டைக் கொப்பி, எண்பது பக்கம்.
ப. தவராணி, வயது 44.

டொக்டர் காலிப் பக்கத்தவர்.
அவருக்குத் தெரிந்த தமிழ்
நோகுதா, எங்க, எத்தனை நாள்.
எனக்கு அது போதும்.
படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி விரல் வைத்தார்:
இடுப்பெலும்புக்குப் பின்னால்
பாக்குச் சீவல் அளவில் ஒரு வெள்ளை.
வெட்டினால் கால் நரம்பு போகும்.
இருக்கட்டும் என்றார். குளிசை எழுதினார்.
இரண்டு மாதத்தில் குளிசை வயிற்றைத் தின்றது.

சித்த மருந்தகம் அடுத்த ஒழுங்கையில்.
ஒளித்துத்தான் போனேன்,
கொப்பியைப் பையின் அடியில் செருகி.
வைத்தியர் கோசலை என்னைவிடப் பதினைந்து வயது இளமை.
நாடி பார்த்தபடியே மற்றக் கையை நீட்டினார்:
"கொப்பியையும் தாங்கோ."
படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
வெளியே ஓர் ஆடு
அந்த வெள்ளைக்கு ஊடாக நடந்து போனது.

நொச்சியிலை ஒத்தணம். தைலம், இரவில்.
பிறகு கொப்பியில் என் இடுப்பைக் கீறினார்
(பூசணிக்காய் மாதிரி இருந்தது)
நடுவில் ஒரு வட்டம்.
"இதுக்குள்ள ஆரும் அமத்தப்படாது, நானும்தான்.
குளிசையை நீங்களா நிப்பாட்டாதேங்கோ,
வயித்தெரிவை டொக்டரிட்டச் சொல்லுங்கோ."
கீழே ஆங்கிலத்தில் நாலு வரி, அவருக்கு.

அடுத்த கிளினிக். பக்கம் புரண்டது.
ஏச்சு விழும் என்று முதுகை நிமிர்த்தி இருந்தேன்.
டொக்டர் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார்,
குளிசையைப் பாதியாக்கினார்.

பக்கத்து வளவு மெற்றில்டா மடு மண் கொண்டுவந்தாள்.
அது பாம்புக்கெல்லோ என்றேன்.
"உள்ளுக்க கிடக்கிறது என்னெண்டு உனக்குத் தெரியுமோ?"
தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.
இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசியில் கோசலை கேட்டார்:
எந்தப் பக்கம் படுப்பீங்கள்?
இடப்பக்கம்.
நோவும் இடப்பக்கம்தானே?

வலப்பக்கம் பிள்ளை படுத்திருந்தது,
பங்கருக்குள்.

ஒத்தணப் பொட்டலி ஆறிப்போனது.
எழும்பிப் போய்த் திரும்பச் சூடாக்கிக்கொண்டு வந்தார்.

அந்த வரியும் கொப்பியில் ஏறியது.
டொக்டர் இரண்டு தரம் வாசித்தார்,
ஒன்பதாம் அறைக்கு அனுப்பினார்.
அங்கே குளிசை இல்லை, எண்ணெய் இல்லை.
ஒரு மேசை, தண்ணீர்ப் போத்தல்,
அவசரமில்லை என்று சொல்லும் ஒரு பெட்டை.
மூன்று செவ்வாய் நெல் விலைதான் கதைத்தோம்.
நாலாவதில் பெயரைச் சொன்னேன்.

இரும்பு கிடக்கிறது.
மழைக்கு முதல்நாள் கடிக்கும்.
மூட்டை தூக்கும்போது இப்போது
ஒரு பக்கத்தை நானும் பிடிக்கிறேன்.

கொப்பி முடிந்தது. புதுசு வாங்கினேன்.
குளிசைப் பெயர்களை மிஸ்ஸி பார்த்தெழுதித் தந்தா.
பூசணிக்காயை நானே கீறினேன், வட்டத்தையும்.
அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டு
இரண்டு நாள் அரிசிப் பானைக்கு மேல் வைத்திருந்தேன்.
பிறகு எழுதினேன்,
தமிழில்,
பெயரோடு.