மூன்றாவது வட்டு

அயனாவரம் ஸ்கேன் சென்டரில்
இரவு பதினொன்றே காலுக்கு
ஆரஞ்சு விளக்கு.
ஐந்து வட்டுகளில் மூன்றாவது நின்றுவிட்டது.

"அப்போ படம்லாம் போச்சா மேடம்?"
டில்லிபாபு. இரவில் வாட்ச்மேன்,
பகலில் ஷேர் ஆட்டோ.

போகவில்லை.
ஒவ்வொரு படத்தையும் கீற்றுகளாய் அறுத்து
நான்கு வட்டுகளில் பரப்பும்.
மிச்சமுள்ள ஒன்றில் கூட்டுத்தொகை மாதிரி ஒன்று.
அதற்குப் பெயர் பாரிட்டி.
எந்த வட்டில் அது என்பது
கீற்றுக்குக் கீற்று மாறும்.

தலையைச் சொறிந்தார்.
"மொத்தக் கலெக்‌ஷன் தெரியும்.
மூணு பேர் குடுத்தது ஞாபகம் இருக்கு.
எறங்கிப்போன நாலாவது ஆள் எவ்ளோ குடுத்தான்னு
கழிச்சா வந்துடும்.
அதானே?"

அதேதான்.
கையேட்டில் இதற்குப் பதினெட்டுப் பக்கம்.

"ரெண்டு பேர் மறந்துபோனா?"

புது வட்டைச் செருகினேன்.
ரீபில்ட் நான்கு சதவீதம்,
மிச்சம் ஒன்பது மணி நேரம்.

ஐந்தும் ஒரே நாளில் ரிச்சி தெருவில் வாங்கியவை.
ஒரே பெட்டி, அடுத்தடுத்த எண்கள்,
ஏசி பழுதான அதே மே மாதம் எல்லாவற்றுக்கும்.
ஒவ்வொன்றாய்க் காது வைத்தேன்.
இரண்டாவதில் ஒரு டிக்.
பிறகு இல்லை.
பிறகு ஒரு டிக்.

டிகிரேடட் என்கிறது திரை.
"அப்படின்னா?"
ஓடும், இன்னொரு அடி தாங்காது.
"நம்ம வண்டி" என்றார்.

டாக்டர் மிருணாளினிக்கு மூன்று முறை எழுதினேன்:
ரெய்டு வேறு, பேக்கப் வேறு.
யாராவது ஒரு படத்தை அழித்தால்
ஐந்தும் சேர்ந்து ஒழுங்காக அழிக்கும்.
பதில் ஒரே வரி:
அஞ்சு இருக்கே, போதாதா.

இரண்டு மணிக்கு மழை.
கரண்ட் போய் யூபிஎஸ் கத்துகிறது.
நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
புது வட்டு
தான் பார்த்தேயிராத ஒரு முழங்காலை,
பன்னிரண்டாம் வாரக் கருவை,
மற்ற நான்கும் சொல்லச் சொல்ல
எழுதிக்கொண்டிருக்கிறது.

எட்டே காலுக்கு விளக்கு பச்சை.
முதல் டோக்கன் கோமளவல்லி,
போன வருடப் படம் வேண்டுமாம்.
திறந்தது.
அவர் முதுகெலும்பில் ஒரு பங்கு
ராத்திரி கணக்குப் போட்டு எடுத்தது.
அவர் கேட்டது
பிரிண்டுக்கு எவ்வளவு என்பது மட்டும்.

டில்லிபாபு ஆட்டோவைக் கிளப்பினார்.
ஏறிக்கொண்டேன்.
ரிச்சி தெருவுக்குத்தான்.
வேறு கடை, வேறு பெட்டி.
போகும்போது இரண்டாவதை
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
பச்சைதான்.